மாடிக்கு வைஃபை எட்டவில்லை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

அக்கா வீடு திருநெல்வேலிப் பக்கம். கீழே ஹால், அடுப்படி, இரண்டு அறைகள். மேலே ஒரே ஒரு அறை, அதில்தான் மருமகன் படிக்கிறான். ஃபைபர் இணைப்பு வந்து நிற்பது ஹாலில், டிவிக்குப் பின்னால். போன மாதம் அக்கா போன் பண்ணினாள். "தம்பி, நூறு எம்பிபிஎஸ் பிளானை முந்நூறா மாத்தியாச்சு. அப்பவும் மேல போனா சுத்திக்கிட்டேதான் இருக்கு. வேற கம்பெனிக்கு மாறிடட்டுமா?"

இதே கேள்வியைச் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கம்பெனி மாறியும் பார்த்திருக்கிறார்கள். முதலாம் மாடியில் அதே சுற்றல்தான். ஏனென்றால் இன்டர்நெட் வேறு, வைஃபை வேறு. நாம் மாதாமாதம் பணம் கட்டுவது தெருவிலிருந்து ஹால் வரை வரும் இன்டர்நெட்டுக்கு. ஹாலிலிருந்து மேலறை வரை அதைக் கொண்டுபோவது வீட்டுக்குள் நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு. சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும் மாடிக்கு ஏறவில்லை என்றால் யாரும் இன்னொரு சம்ப் கட்டுவதில்லையே.

எது கோளாறு என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று போனில் வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு மேலே போய் அளந்து பாருங்கள். அக்கா வீட்டில் ஹாலில் 280 வந்தது, மேலறையில் 7. ஹாலிலேயே 20, 30தான் வருகிறது என்றால் கம்பெனிக்குப் புகார் செய்யலாம். கீழே நன்றாக வந்து மேலே படுத்துவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அளக்கும்போது ஒன்று கவனியுங்கள்: பிளானில் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். ஃபைல் இறக்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் முழு வேகமும் வருகிறது என்று பொருள். ஏமாற்று எதுவும் இல்லை.

ஒரு பெட்டி, நான்கு வேலை

வீட்டில் எல்லோரும் 'மோடம்' என்று சொல்லும் பெட்டி பெரும்பாலும் மோடமே இல்லை. மோடம் என்பது டெலிபோன் செம்புக் கம்பியில் வந்த பிராட்பேண்ட் காலத்துப் பொருள். ஃபைபரில் வருவதை ஓஎன்டி என்பார்கள். கண்ணாடி இழையில் வரும் ஒளியை வாங்கி, கம்ப்யூட்டருக்குப் புரியும் மின் சமிக்ஞையாக மாற்றுவது அதன் முதல் வேலை. அதே பெட்டிக்குள் ரவுட்டரும் இருக்கிறது: வெளியிலிருந்து வரும் ஒரே முகவரியை வீட்டிலுள்ள பத்துப் போன்களுக்கும் பங்கு போட்டுத் தருவது அது. பின்பக்கம் வரிசையாக இருக்கும் சதுரத் துளைகள் ஸ்விட்ச். கேபிளில் இணைந்த கருவிகளை ஒன்றோடொன்று பேசவைப்பது. நான்காவது, ஆன்டெனா உள்ள ரேடியோ. அதன் பெயர் ஆக்சஸ் பாயின்ட். நாம் வைஃபை என்று சொல்வது இந்தக் கடைசி வேலையை மட்டும்தான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மேலறையில் இல்லாதது ரவுட்டர் அல்ல, ஆக்சஸ் பாயின்ட். இது தெரியாமல் கடைக்குப் போய் "இன்னொரு ரவுட்டர் குடுங்க" என்று வாங்கிவந்து மாட்டினால், வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர் முகவரி பிரித்துக் கொடுக்க ஆரம்பிக்கும். கீழே இருக்கும் பிரின்டர் மேலே இருக்கும் லேப்டாப்புக்குத் தெரியாது. கேமரா ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் என்று வீடே இரண்டாகப் பிரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் 5ஜி. போனில் சிம் காட்டும் 5ஜி ஐந்தாம் தலைமுறை மொபைல் சேவை. வைஃபை பெயருக்குப் பின்னால் வரும் 5ஜி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீட்டுப் பெட்டி பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் கெட்டி. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில் நெருக்கியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசலும் குறைவு. ஆனால் ஒரு செங்கல் சுவரிலேயே பாதி சோர்ந்துவிடும். நம் வீட்டு மேல்தளம் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். அதைத் தாண்டி மேலே போகும்போது அதில் மிச்சம் அதிகம் இருக்காது.

எனவே காசு செலவழிக்கும் முன் பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். அக்கா வீட்டில் அது டிவிக்குப் பின்னால், ஒரு இரும்பு பீரோவின் பக்கவாட்டில் ஒட்டி இருந்தது. இரும்புத் தகடு வைஃபைக்கு மதில் மாதிரி. மாடிப்படி ஏறும் திறப்புக்கு நேரே, ஆள் உயரத்தில் மாட்டினோம். மேலறையில் 7 என்பது 30 ஆனது. செலவு ஆணியும், கொஞ்சம் நீளமான ஃபைபர் துண்டும்தான். ஃபைபரை மூலையில் மடக்கி ஆணியடிக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி, வளையமாகத்தான் திருப்ப வேண்டும். சில வீடுகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். அக்கா வீட்டில் முடியவில்லை. மேலே கதவைச் சாத்தினால் மறுபடி பத்துக்குக் கீழே.

மூன்று வழிகள்

கடையில் முதலில் கையில் திணிப்பது ரிப்பீட்டர். எக்ஸ்டெண்டர் என்றாலும் அதேதான். சுவர் பிளக்கில் செருகினால் போதும், ஓரிரு ஆயிரத்துக்குள் கிடைக்கும். அது செய்வது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேட்டதே அரைகுறை என்றால் சொல்வதும் அரைகுறைதான். பலர் இதை வைக்கும் இடம்தான் தப்பு: சிக்னலே வராத அறைக்குள் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். போனில் முழுக் கட்டம் தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. அந்தக் கட்டங்கள் காட்டுவது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள நெருக்கத்தை. ரிப்பீட்டருக்கும் கீழ்ப் பெட்டிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அவை சொல்லாது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், மாடிப்படித் திருப்பத்தில் வைத்தால்தான் அதற்குப் பலன்.

வாடகை வீட்டில், ஒரு போனும் ஒரு டிவியும் ஓடினால் போதும் என்பவர்களுக்கு ரிப்பீட்டர் சரி. நாள் முழுக்க வீடியோ காலில் உட்காருபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து மெஷ். ரிப்பீட்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கடையில் பெரும்பாலும் "இது லேட்டஸ்ட் சார்" என்ற பதில்தான் வரும். உண்மையில் வித்தியாசம் இருக்கிறது. மெஷ்ஷில் இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே குடும்பமாக வேலை செய்யும். பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் ஒன்று. ஒரே ஆப்பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். எந்த வழியாகத் தகவல் போக வேண்டும் என்று தங்களுக்குள் முடிவு செய்யும். நீங்கள் பேசிக்கொண்டே படியேறும்போது "அந்தப் பெட்டிக்கு மாறிக்கொள்" என்று போனுக்குக் குறிப்பும் கொடுக்கும். ஆனால் மாறுவதா வேண்டாமா என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான். பழைய போன் சில சமயம் கீழ்ப் பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்கும். அதை மெஷ்ஷின் குறையாகச் சொல்ல முடியாது.

மெஷ் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பெட்டிகள் தங்களுக்குள் பேச எதைப் பயன்படுத்துகின்றன? விலை குறைந்த, இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள மெஷ், உங்கள் போனோடு பேசும் அதே ரேடியோவில்தான் அடுத்த பெட்டியோடும் பேசும். அதாவது, உடை மாற்றிய ரிப்பீட்டர். மூன்று ரேடியோ உள்ளதில் ஒன்றைத் தங்களுக்குள் பேசுவதற்கென்றே ஒதுக்கிவிடலாம். வேகம் தங்கும், விலையும் ஏறும். அப்போதும் நடுவில் இருப்பது அதே கான்கிரீட்தான். அக்கா வீட்டுக்கு நண்பரிடம் ஒரு மெஷ் ஜோடியை இரவல் வாங்கிவந்து ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். மேலே 60, 70 வந்தது, சாயங்காலம் 40க்கு இறங்கியது. மோசமில்லை. ஆனால் ஹாலில் 280 இருக்கிறதே என்று மனசு கேட்கவில்லை.

மெஷ்ஷோ ரவுட்டரோ, வாங்கும்போது அட்டைப் பெட்டியில் உள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஏசி1200 என்றால் 1200 எம்பிபிஎஸ் வரும் என்று நினைப்பது இயல்பு. அது 2.4இல் 300, 5இல் 867 என்ற இரண்டு உச்ச வரம்புகளைக் கூட்டி, முழு எண்ணாக்கி எழுதியது. ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அந்த 867கூட ஆய்வகக் கணக்கு. இன்னும் முக்கியம், பின்னால் உள்ள போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை. சில ஏசி1200 ரவுட்டர்களில் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. முந்நூறு பிளானை அதற்குள் விட்டால் வெளியே தொண்ணூற்றுச் சொச்சம்தான் வரும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் ஒயர் வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் ஊரில் மூன்று ஃபேஸ் உள்ள வீடுகளில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருப்பது சகஜம். ஃபேஸ் மாறினால் இது தடுமாறும். இன்வெர்ட்டர் லைன் குறுக்கே வந்தாலும் அப்படித்தான். திருப்பிக் கொடுக்கலாம் என்று உறுதி தந்தால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

கடைசி வழி கேபிள். எனக்கு இதில்தான் பிடிப்பு, அதை மறைக்கவில்லை. கேபிளில் கருவிகளை இணைக்கும் ஈதர்நெட்டை 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கினார்கள். ஐம்பது வருஷம் தாண்டியும் நம்பிக்கையான வழி அதுதான். ஹால் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் மேலறைக்குப் போய், அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்ட்டில் முடிந்தால், கான்கிரீட் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மேலறைக்குள் வைஃபை கடக்க வேண்டியது பத்தடி காற்று மட்டும்.

கேபிளில் எதைப் பார்ப்பது

கேட் 5இ, 6, 6ஏ, 7, 8 என்று எண் ஏற ஏற நல்லது என்று நினைத்து நிறையக் காசு கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு கேட் 6 போதும்: 1 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுபோகும், 55 மீட்டருக்குள் என்றால் 10 கிகாபிட்டும் தாங்கும். கேட் 8 டேட்டா சென்டருக்குள் 30 மீட்டர் தூரத்துக்கென்று வந்தது. வீட்டுக்குள் அதற்கு வேலை இல்லை.

எண்ணைவிட முக்கியம் உள்ளே இருக்கும் உலோகம். முதல் தடவை நான் வாங்கிய சுருள் விலை மலிவாகக் கிடைத்தது. நுனியைப் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம் பளபளத்தது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. சிசிஏ என்பது இதைத்தான். இரண்டு தடவை வளைத்தால் ஒடியும், மின்தடை அதிகம், ஆக்சஸ் பாயின்ட்டுக்கு இதிலேயே கரண்டும் அனுப்பினால் சூடாகும். திருப்பிக் கொடுத்துவிட்டு முழுச் செம்பு கேபிள் வாங்கினேன். சுரண்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அக்கா வீட்டில் பழைய டெலிபோனுக்காகச் சுவருக்குள் போட்ட பைப் ஒன்று மாடி வரை சும்மா கிடந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஸ்பிரிங்கை உள்ளே விட்டு மேலே எடுத்து, அதன் நுனியில் கேபிளைக் கட்டி இழுத்தார். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே விட்டுவிடலாமா என்று முதலில் கேட்டார். கூடாது. 230 வோல்ட் ஒயரும் டேட்டா கேபிளும் ஒரே பைப்பில் போனால் இரைச்சல் ஏறும். இன்சுலேஷன் எங்காவது உரிந்தால் ஆளுக்கே ஆபத்து. வெளிச்சுவர் வழியாக விடுவதையும் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மொட்டைமாடிக் கேபிள் மின்னலின் அதிர்வை வாங்கிப் பெட்டி வரை கொண்டுவந்துவிடும். தோட்டத்தைத் தாண்டி இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு ஃபைபர்தான் பாதுகாப்பு. கண்ணாடியில் கரண்ட் பாயாது.

நுனியில் ஆர்ஜே 45 கிளிப் அடிக்கும் வேலையை மருமகன் தானே செய்வதாகச் சொன்னான். மேலுறையை உரித்தால் உள்ளே முறுக்கிய நான்கு ஜோடிகள். ஜோடியாக முறுக்கினால் இரைச்சல் குறையும் என்பதை 1881லேயே டெலிபோனுக்காகச் சொன்னவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். முறுக்கைப் பிரித்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரிசையாக்கி, விரலால் நீவி நேராக்கி, ஒரே மட்டமாக வெட்டி உள்ளே தள்ள வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. இரண்டு நுனியிலும் ஒரே வரிசை.

செருகினோம். நெட் வந்தது. அளந்தால் 94. "மாமா, விளக்கு ஆரஞ்சா எரியுது, கீழே பச்சையா இருந்துச்சு" என்றான். அந்தப் பெட்டியில் பச்சை என்றால் கிகாபிட், ஆரஞ்சு என்றால் 100. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் இரண்டே போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நீலக் கம்பி ஒரு நூல் அளவு உள்ளே எட்டாமல் நின்றிருந்தது. வெட்டிவிட்டு மறுபடி அடித்தான். விளக்கு பச்சையானது. 270.

மேலே வைக்கப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பரணில் கிடந்த பழைய ரவுட்டர், கிகாபிட் போர்ட் உள்ளது, அதையே ஆக்சஸ் பாயின்ட் ஆக்கினோம். அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று இருந்தால் ஒரு சொடுக்கில் முடியும். இல்லையென்றால் கையால் செய்யலாம்: கீழ்ப் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள், கீழ்ப் பெட்டி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எண் வரிசைக்குள் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலையான டிஹெச்சிபியை இதில் நிறுத்திவிடுங்கள். கேபிளை வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான சாதாரண லான் போர்ட்டில் செருகுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே வைத்து, சேனலை மட்டும் மாற்றுங்கள்: கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

மொத்தச் செலவு கேபிள், கிளிப், அண்ணனின் அரை நாள் கூலி. அந்த மெஷ் ஜோடி புதிதாக வாங்கும் விலையில் பாதிகூட ஆகவில்லை. அக்கா பிளானைத் திரும்ப நூறுக்கே இறக்கிவிட்டாள். அந்த வீட்டுக்கு நூறு தாராளம்.

மெஷ் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். பெரும்பாலான மெஷ் பெட்டிகளின் பின்னால் லான் போர்ட் இருக்கும்; இரண்டையும் கேபிளால் இணைத்தால் வைஃபையை விட்டுவிட்டு அந்த வழியில் பேச ஆரம்பிக்கும். போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வசதியும் கேபிளின் வேகமும் சேர்ந்து கிடைக்கும். சொந்த வீடு, மூன்று நான்கு அறை, கையில் காசும் உண்டு என்றால் நான் சொல்வது இந்தக் கூட்டணியைத்தான். சுவரைத் தொட முடியாத வாடகை வீடென்றால் மூன்று ரேடியோ மெஷ். அல்லது வீட்டுக்காரர் சம்மதித்தால் வாசல்படி ஓரமாகத் தட்டைக் கேபிள், மேலே ஒட்டும் பிளாஸ்டிக் பட்டி. காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம்.

கரண்ட் போகும் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். கீழே ஒரு பெட்டி, மேலே ஒரு பெட்டி என்றால் இரண்டுக்கும் பேட்டரி வேண்டும். ஆனால் பவர் ஓவர் ஈதர்நெட் வாங்கும் ஆக்சஸ் பாயின்ட் என்றால் அதே கேபிளிலேயே கரண்டும் மேலே போய்விடும். 2003இல் வந்த அதன் முதல் தரமே போர்ட் ஒன்றுக்கு 15.4 வாட் வரை தரும்; வீட்டு ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அது பொதுவாகப் போதும். ஹாலில் ஒரே ஒரு சின்ன யுபிஎஸ், வீடு முழுக்க நெட்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதையெல்லாம் ஒப்பிட்டு மண்டையை உடைக்கவே வேண்டாம். மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடும் முன் எலக்ட்ரீஷியன் பைப் போட வருவார். அன்றைக்கு நீங்களும் போய் நில்லுங்கள். ஃபைபர் வந்து இறங்கும் இடத்திலிருந்து மாடி ஹாலின் சீலிங் நடுவுக்கு ஒன்று, டிவி சுவருக்கு ஒன்று, கேமரா வரும் மூலைக்கு ஒன்று என்று ஒரு அங்குல பைப் தனியாகப் போடச் சொல்லுங்கள். கேபிள் இப்போதே வாங்காவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.